வாசல் சோதனை

எட்டு மணி ஷிப்டுக்கு முன்னால்
இரண்டரை மணி நேரம் சம்மட்டி.
கொறடு முனிரத்தினம் கையில், அடி என் கையில்.
குடியாத்தத்தில் எங்கள் சந்தில்
புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது
இப்படித்தான் கேட்கும்.

பெங்களூரிலிருந்து ஆர்டர்,
நாற்பது சிக்கிமுக்கி இரும்பு.
மலையேறப் போகிறவர்களுக்காம்.
ஒன்று முந்நூற்றைம்பது, கூரியர் தனி.
முந்நூற்றைம்பதுக்கு எத்தனை தீப்பெட்டி என்று
கணக்குப் போட ஆரம்பித்தேன்.
"வுடு, கணக்குப் போட்டா கை நடுங்கும்" என்றார்.

முதல் பன்னிரண்டைக் கட்டடக் கம்பியில் அடித்தோம்.
இரண்டு முனையும் கிடாக்கொம்பு மாதிரி சுருண்டு
அத்தனை லட்சணம்.
உரசினால்
கல்தான் உதிர்ந்தது.

பேரணாம்பட்டு ஹயாத் பாஷா கடையில்
தேய்ந்த அரங்களை எடைபோட்டு வாங்கினோம்,
பல் போனவை, பிடி இல்லாதவை.
காலமெல்லாம் மற்ற இரும்பைத் தின்ற அரத்துக்கு
உள்ளே வீம்பு மிச்சமிருக்கும் போல.
காய்ந்த மிளகாய் நிறம் போதாது,
பழுத்த தக்காளி வரவேண்டும்.
காந்தம் அப்போது இரும்பை மறந்துபோகும்.
அந்த நொடியில் உப்புத் தண்ணீர்.
மூன்றாவது அரம் தண்ணீருக்குள் "டிக்" என்றது.
ஒரு சுள்ளி ஒடிகிற சத்தம்தான்.
முனிரத்தினம் கொறடைக் கீழே வைத்துவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டார்.

நாலாவது பிடித்தது.
பள்ளிகொண்டா வழியில் பொறுக்கிய வெங்கச்சங்கல்
அதன் விளிம்பைச் சீவியதும்
நட்சத்திரம் என்று சொல்லமாட்டேன்,
கடுகு வெடிக்கிற அளவு.
கல்லுக்குள் தீ இருக்கிறதென்று நினைத்திருந்தேன்.
இல்லை, கல் வெறும் கத்தி.
எரிவது இரும்பின் தூள்,
நாங்கள் அடித்து அடித்து இறுக்கியது.

அதை எப்போது டிபன் பையில் போட்டேன், தெரியாது.
தீப்பெட்டி ஆலை வாசலில்
செல்போன் வெளியே, கொலுசு வெளியே.
செக்கிங் ரெஜினா பைக்குள் கைவிட்டாள்.
"இன்னாக்கா இது?"
"கதவுக் கொண்டி."
மறந்துபோய் எடுத்து வந்தது இரும்பை.
பொய் மட்டும் மறக்காமல் வந்திருந்தது.
"நல்லாகீது" என்று
பைக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

உள்ளே மருந்து தோய்த்த குச்சிகள்
சட்டம் சட்டமாய்க் காய்கின்றன.
ஒரு தட்டுக்கு எத்தனை தலை என்று
அதுவரை யோசித்ததில்லை.
கல் வீட்டில் இருக்கிறது, கல் வீட்டில் இருக்கிறது
என்று சொல்லிக்கொண்டேன்.
அப்புறம் தரையைப் பார்த்தேன்.
சிமெண்டு பெயர்ந்த இடமெல்லாம்
ஜல்லி
பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

பையை மடியில் வைத்துக்கொண்டேன்,
பால் குடித்துத் தூங்கின பிள்ளையை வைக்கிற மாதிரி.
பக்கத்தில் சம்பங்கி கேட்டாள்,
"ஏங்க்கா, பைக்குள்ள தங்கமா?"
பெட்டி அடைக்கிற கை பிந்தியது.
அன்று இருபது ரூபாய் குறைவு.
மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்றேன்.
அது பொய்யில்லை.

ராத்திரி பால்பவுடர் டப்பாவைத் திறந்தேன்.
லுங்கித் துண்டை அடைத்துக் கருக்கி வைத்திருந்தோம்,
தொட்டால் உதிரும்.
கல்லின் மேல் துணி, துணிக்குப் பக்கத்தில் விளிம்பு.
ஆறு தடவை ஒன்றுமில்லை.
ஏழாவதில் ஒரு பொறி துணியில் உட்கார்ந்தது,
சுடரில்லாமல், அவசரமில்லாமல்
சிவப்பு வட்டமாய் ஊர்ந்தது.
தேங்காய் நாரில் மடித்து ஊதினேன்.
புகை மூக்கில் ஏறி அழவைத்தது.
தீ வந்ததும் கைகொட்டத் தோன்றவில்லை.
பகலெல்லாம் என் மடியில் இருந்தது
இதுதான் என்று பார்த்தேன்.
பிறகு தண்ணீர் ஊற்றி அணைத்தேன்.

நாற்பதும் கூரியரில் போய்விட்டது.
மறுவாரம் வாசலில் ரெஜினா நிறுத்தினாள்.
"அந்தக் கொண்டி எங்க வாங்கின?
எங்க வூட்டுக் கதவுக்கு ரெண்டு வேணும்."

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்,
முதல் பன்னிரண்டில் இரண்டு.
கட்டடக் கம்பி.
கிடாக்கொம்புச் சுருளைத் தடவித் தடவிப் பார்த்தாள்.
காசு வாங்கவில்லை.
பையைத் திறந்து காட்டினேன்.
அன்று அவள்
பார்க்காமலே போகச் சொன்னாள்.